முக்கால் கிலோவைத் தாங்கும் பெல்ட்: கேள்வி பதில்

பட்டாளத்தில் பதினேழு வருடம் ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்க்கிற வேலை. வெளியே வந்தபின் பணம் ஏற்றும் வண்டியில் நாலு வருடம் காவல். இப்போது பாளையங்கோட்டையில் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, துப்பாக்கி மாட்டுகிற பெல்ட்டும் உறையும் தைக்கிறேன். லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியை மாதக்கணக்கில் விசாரித்து வாங்குவார்கள். உறைக்கும் கொஞ்சம் யோசிப்பார்கள். பெல்ட்டை மட்டும் பஸ் ஸ்டாண்டு வாசலில் தொங்குவதில் ஒன்றை இழுத்து வாங்கிவிடுவார்கள். பிறகு என்னிடம் வருவார்கள். அப்படி வந்தவர்கள் கேட்டதில் சில.

அண்ணாச்சி, நகைக்கடையில் காவல் வேலை. புது .32 ரிவால்வர், உறை நல்ல கனத்த தோல். காலையில் சரியாக நிற்கிறது, மத்தியானத்துக்குள் பிடி வெளியே சாய்ந்து சட்டைக்கு மேல் துருத்துகிறது. உறையை மாற்றணுமா? (வள்ளியூர், முன்னாள் ராணுவம்)

உறையை விடுங்கள், இடுப்பைப் பாருங்கள். கான்பூரில் செய்கிற .32 ரிவால்வர் ஏறத்தாழ 700 கிராம். ஆறு தோட்டா, உறை எல்லாம் சேர்த்தால் கிலோவை நெருங்கும். அத்தனையும் இடுப்பின் ஒரு பக்கத்தில், நாலு விரல் அகலத்தில் தொங்குகிறது. சாதாரண பெல்ட் பேண்ட்டைப் பிடித்துக்கொள்ள மட்டும் செய்தது. கீழ்ப்பக்கம் இழுபடும், மேல்விளிம்பு வெளியே மடியும், அதோடு உறையும் சாயும்.

இப்போதே கழற்றிப் பாருங்கள். ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்குங்கள். முறுக்குக்கு இணங்கி வந்தால் அந்த பெல்ட் இந்த வேலைக்கு ஆகாது. இடுப்பைச் சுற்றி வளைய வேண்டும், முறுக்கினால் முரண்டு பிடிக்க வேண்டும். கடையில் கேட்டால் எல்லாரும் தடிமனைத்தான் காட்டுவார்கள். தடிமனாக இருந்தும் துவள்கிற பெல்ட் ஏராளம்.

எனக்கும் இது சும்மா வந்த அறிவு இல்லை. காவல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘அசல் தோல்’ என்று ஒரு கடையில் வாங்கினேன். இரண்டாவது மாதம், வண்டிப் படியில் கால் வைத்து ஏறும்போது பக்கிளுக்குப் பக்கத்து மடிப்பு பிய்ந்துவிட்டது. உறையோடு துப்பாக்கி தொடை வரை இறங்கிவிட்டது, ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஏறினேன். அன்று ராத்திரி அதை அறுத்துப் பார்த்தால் மேலே தாள் மாதிரி ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் செருப்புப் பெட்டி அட்டை.

என்ன தோல் வாங்கணும்? எருமையா, மாடா? (மேலப்பாளையம்)

எந்தத் தோல் என்பதைவிட எப்படிப் பதனிட்டது என்பது பெரிய கேள்வி. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் மிருதுவாக இருக்கும், தண்ணீருக்குத் தாங்கும், சட்டைக்கும் கைப்பைக்கும் ஷூவுக்கும் நல்லது. ஆனால் சுமை தொங்கினால் நாளாக நாளாக இழுபடும். மரப்பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும், போடப் போட உங்கள் இடுப்பு வளைவுக்கு அமைந்து அப்படியே நிற்கும். நம் மாநிலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸ் துறைமுகம் வழியாகப் போன அந்தச் சரக்குக்கு ‘ஈஸ்ட் இந்தியா தோல்’ என்றே உலகச் சந்தையில் பெயர். இன்றைக்கு ஆவாரம்பட்டைக்குப் பதில் பெரும்பாலும் வாட்டில் என்கிற மரத்தின் பட்டைச் சத்து. வேலை அதேதான்.

கடையில் கண்டுபிடிப்பது எப்படி? விளிம்பைப் பாருங்கள். வெட்டுமுகத்தில் சாம்பல் கலந்த நீலம் தெரிந்தால் பெரும்பாலும் குரோம். தேன் நிறமோ காவியோ மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தால் பட்டைத் தோல். விளிம்பு முழுக்க கறுப்புப் பெயிண்ட் தடித்து மூடியிருந்தால், கடைக்காரரிடம் பக்கிளைக் கழற்றி மடிப்பின் உட்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வந்துவிடுங்கள்.

கனம்: ஒற்றைத் தோலாக இருந்தால் 4 முதல் 5 மில்லிமீட்டர். இரட்டை என்றால் இரண்டரை இரண்டரையாக ஒட்டி, விளிம்போரம் சுற்றிலும் மெழுகு நூலில் தைத்தது. எனக்கு இரட்டைதான் பிடிக்கும், முறுக்குக்கு மசியாது. எருமைத் தோல் கனமாகக் கிடைக்கும், வேலைக்கு நல்லது. மேல்முகம் கொஞ்சம் சொரசொரப்பு, அழகு பார்ப்பவர்களுக்கு மாடு. முதுகுப் பகுதியில் வெட்டிய வார் வேண்டும். வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும்.

உள்ளே இரும்புத் தகடு வைத்து வருகிறதாமே? (தென்காசி)

மெல்லிய ஸ்பிரிங் எஃகோ பிளாஸ்டிக் பட்டையோ வைத்து வருகிறது. சாயாது, உண்மை. நாள் முழுக்க நிற்கிறவருக்கு நல்லதே. வண்டியில் உட்கார்ந்தே இருப்பவருக்கு வயிற்றில் குத்தும். நைலான் வாரிலும் இரண்டு அடுக்காகத் தைத்து விறைப்பேற்றியது நன்றாக இருக்கும். வியர்வைக்கு அது தோலைவிடத் தேவலை.

அகலம் எவ்வளவு? (நாங்குநேரி)

ஒன்றரை அங்குலம், 38 மில்லிமீட்டர். ஆபீஸ் பேண்ட்டுக்குப் போடுகிற பெல்ட் இதைவிடக் குறுகல். வாங்கும்போது உறையைக் கையோடு கொண்டுபோய், அதன் பின்பக்கக் காதில் பெல்ட்டை நுழைத்துப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாகத் தள்ளித்தான் நுழைய வேண்டும். காது ஒன்றேமுக்கால் அங்குலம், பெல்ட் ஒன்றரை என்றால் என்ன தோல் போட்டாலும் ஆடும்.

இன்னொன்று, நம் ஊரில் இன்னும் பேண்ட் தைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறீர்களே, அது வசதி. தையல்காரரிடம் லூப்பை ஒன்றேமுக்கால் அங்குல உயரம் வைக்கச் சொல்லுங்கள், வலது பக்கம் உறைக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று நெருக்கமாக. உறை முன்னும் பின்னும் நகராது.

என் பேண்ட் 36. பெல்ட் 36 வாங்கினேன், கடைசி ஓட்டையில் மூச்சுப் பிடித்துத்தான் மாட்டுகிறேன். (சங்கரன்கோவில்)

பேண்ட்டில் எழுதியிருக்கிற எண்ணை நம்பாதீர்கள். இப்போது போடுகிற பெல்ட்டை நீட்டி வைத்து, பக்கிள் மடிப்பிலிருந்து நீங்கள் வழக்கமாக மாட்டும் ஓட்டை வரை அளக்கவும். அதுதான் உங்கள் அளவு. உறையை பேண்ட்டுக்கு உள்ளே செருகுகிறவர் என்றால், உறையோடு சேர்த்து அளக்க வேண்டும், இரண்டு அங்குலம் கூடும். நான் ஏழு ஓட்டை போடுகிறேன், முக்கால் அங்குல இடைவெளி. வழக்கமான ஒரு அங்குல இடைவெளியில், சாப்பாட்டுக்கு முன் தளர்வு, பின் இறுக்கம் என்று நடுவில் நிற்க இடமே இல்லை.

நான் கான்ட்ராக்டர், எப்போதும் வேட்டி. பச்சை பெல்ட் பையிலேயே வைத்துக்கொள்ளலாமா? (அம்பாசமுத்திரம்)

கூடாது. அண்ணாச்சி, அந்தப் பச்சை பெல்ட் எனக்கும் பிடிக்கும், எங்க அப்பா அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. ஆனால் அது ரூபாய்க்கும் செல்போனுக்கும் மூக்குப்பொடி டப்பாவுக்கும் தைத்தது. பை துணி. உள்ளே டிரிகர் மூடாமல் கிடக்கும், பக்கத்தில் சாவிக்கொத்து. பயமே அதுதான். அதோடு, உட்காரும்போதெல்லாம் எடை வயிற்றுக்கு உருண்டு வரும்.

உங்களைப்போல ஒருவருக்கு இப்படிச் செய்து கொடுத்தேன். காக்கி டிரில் துணியில் அரை டிராயர், அதில் உயரமான ஏழு லூப். டிராயரில் தோல் பெல்ட். பெல்ட்டுக்கு இரண்டு விரல் கீழே இறக்கி வேட்டிக் கட்டு. உறை வேட்டிக்கு வெளியே தொங்கும், அதை மூடினாற்போல நீளமான சட்டை. முதல் வாரம் இடுப்பு அரிக்கிறது என்று திட்டினார். இப்போது இரண்டாவது டிராயர் தைக்கக் கொடுத்திருக்கிறார். இது ஒத்துவராது என்றால் துப்பாக்கிக்கென்றே உள்ளுறை வைத்துத் தைத்த தோள்பை. சட்டமும் அதை ஒப்புக்கொள்கிறது.

சப்-இன்ஸ்பெக்டர். ஆண்களுக்குச் செய்த பெல்ட் எனக்கு மேல்விளிம்பில் இடைவெளி விடுகிறது, துப்பாக்கிப் பிடி விலாவில் குத்துகிறது. (பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்)

குறை உங்கள் மேல் இல்லைம்மா. நேராக வெட்டிய வார், இடுப்பு சரிவாக அகலும் உடம்பில் மேலே விலகித்தான் நிற்கும். தோலை லேசான வில் வளைவாக வெட்டித் தைத்தால் ஒட்டி உட்காரும். யூனிஃபார்ம் பெல்ட்டில் கைவைக்க அனுமதி கிடைக்காவிட்டால், உள்ளே ஒரு மெல்லிய பேண்ட் பெல்ட், வெளியே டூட்டி பெல்ட், இரண்டையும் சேர்த்துக் கட்ட நாலு இடத்தில் பட்டன் வைத்த சின்ன வார். அப்புறம் உறையை அரை அங்குலமாவது கீழே இறக்கித் தொங்கவிடுகிற மாதிரி மாற்றச் சொல்லுங்கள். விலா தப்பும்.

குற்றாலச் சாரல் காலத்தில் பெல்ட்டில் பூசணம் பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? (செங்கோட்டை)

தேங்காய் எண்ணெய் வேண்டாம். தோல் தொளதொளவென்று ஆகிவிடும், விறைப்புக்காகத்தானே இத்தனை பாடு. உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட மாட்டி, தேன்மெழுகு கலந்த பாலிஷை வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் விரலால் தேயுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். சித்திரை வியர்வைக்கு இரண்டு பெல்ட் வைத்து மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

ராத்திரி துப்பாக்கியைத் தோல் உறையிலேயே வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். ஒரே மழைக்காலத்தில் குழல் ஓரமாகத் துருப் புள்ளி வைத்து வந்த ரிவால்வர்களை நான் துடைத்திருக்கிறேன்.

ஊர் கோயில் கொடைக்கு வெளியே தெரிகிற மாதிரி கட்ட ஒரு ஸ்டைல் பெல்ட் செய்து தருவீர்களா? (திசையன்விளை)

மாட்டேன், தம்பி. 2016 ஆயுத விதிகள்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள்ளோ அதற்கான பைக்குள்ளோ, முழுக்க மூடித்தான் இருக்க வேண்டும். கூட்டத்தில் வீசிக் காட்டினால் லைசென்ஸ் போகும். கொண்டாட்டத்தில் சுட்டு யார் உயிருக்காவது ஆபத்து உண்டாக்கினால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடம் வரை உள்ளே, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட. கொடைக்கு நல்ல பட்டு வேட்டி கட்டிப் போ.

அப்பாவின் பழைய பட்டாளத்து கித்தான் பெல்ட் இருக்கிறது, பித்தளைக் கொக்கி பளபளவென்று. அதையே போட ஆசை. (களக்காடு)

அளந்து பாருங்கள், இரண்டேகால் அங்குலம் இருந்தால் அது வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தின் 1937 மாதிரி பெல்ட். பேண்ட் லூப்பில் நுழையாது, உறையின் காதிலும் நுழையாது. இத்தனை வருடப் பருத்தி நூல் மடிப்பில் எப்போது விடும் என்று சொல்ல முடியாது, எடை ஏற்றாதீர்கள். சுருட்டி வைக்காமல் சுவரில் நீளமாகத் தொங்கவிடுங்கள். பித்தளைக்குப் புளி போதும், துணியில் படாமல்.