பாவித்த ஆறடித் தொட்டிக்கு ஓவர்ஃப்ளோ பைப்: கரண்ட் போனாலும் வீடு நனையாமல் இருக்க

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறோம். வீடு மாறிப் போன ஒருவரிடம் 6×2×2 அடி மீன் தொட்டி ஒன்று வாங்கினேன். ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்புப் பெட்டி, அதற்குள் அடிக் கண்ணாடியில் இரண்டு ஓட்டைகள். கீழே வைக்க மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் சம்ப் தொட்டியும் (மேலிருந்து இறங்குகிற தண்ணீரைப் பிடித்து மோட்டரால் திரும்ப ஏற்றுகிற கீழ்த் தொட்டி) தந்தார், பைப் மட்டும் ஒன்றும் இல்லை. ஓஸ்கார் மீன் வளர்க்க எண்ணம். எந்தப் பைப்பை எப்படிப் போடுவது? கரண்ட் போனால் தண்ணீர் எல்லாம் கீழே வந்துவிடாதா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விதான் முழு வேலையும். கரண்ட் இருக்கும்வரை எந்தக் கோணல் பைப்பும் ஓடும்; போகும்போதும் திரும்பி வரும்போதும்தான் வில்லங்கம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கின் பேரில் பழியைப் போட்டு நாடு முழுவதும் இருண்டது, திருமலையில் மாரிக் காற்று வேறு. ஆகவே நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் வரும் என்று வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்யுங்கள்.

பைப் வாங்க முதல் தொட்டியைப் பாருங்கள். நிரம்பினால் தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 680 லீற்றர், கண்ணாடியும் சேர்ந்தால் 800 கிலோ தாண்டும். கடற்கரைப் பக்க வீட்டில் நின்ற இரும்பு ஸ்டாண்ட் என்றால் பெயின்டைச் சுரண்டி வெல்டிங்கைப் பாருங்கள், உப்புக் காற்று உள்ளே தின்றிருக்கும். ஓட்டைகளைத் தற்காலிகமாக அடைத்து, ரசமட்டம் பார்த்து, ரெஜிபோம் விரித்து இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி வையுங்கள். மூலைகளில் டிஷ்யூவை ஓட்டிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். கசிந்தால் பழைய சிலிக்கன் மேலேயே பூசிவிட வேண்டாம், பழையதில் புதியது ஒட்டாது; பிளேடால் சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். இன்னொரு ஓட்டை போட ஆசை வரலாம். அடிக் கண்ணாடி டெம்பர் செய்ததாக இருந்தால் டிரில் பட்டதுமே நொறுங்கிப் போகும், தேவையும் இல்லை.

சரி, இரண்டு ஓட்டை. பழைய சொந்தக்காரர் அநேகமாக ஒன்றைத் தண்ணீர் இறங்கவும் மற்றதை மோட்டர் தண்ணீர் ஏறவும் வைத்திருப்பார். நான் என்றால் இரண்டையுமே இறங்க விடுவேன், ஏறுகிற பைப்பைப் பின்பக்க விளிம்புக்கு மேலால் எடுப்பேன். ஹெர்பி முறை என்று இதற்குப் பெயர். முதல் பைப்பின் வாய் பெட்டித் தண்ணீருக்குள் நன்றாக மூழ்கியிருக்கும், கீழே அதற்கு ஒரு கேட் வால்வ், அதாவது பல சுற்றுத் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிற வால்வ். இரண்டாவது பைப்பின் வாய் பெட்டியின் பல்வரிசைக்கு, அதாவது தண்ணீர் உள்ளே வழிகிற மேல் விளிம்பின் சீப்பு வெட்டுகளுக்கு, கொஞ்சம் கீழே, ஆனால் முதல் வாயைவிட உயரத்தில் திறந்தபடி நிற்கும். இதற்கு வால்வ் கிடையாது, எந்தக் காரணத்துக்காகவும் போட வேண்டாம்.

மோட்டரை ஓடவிட்டு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பெட்டிக்குள் மட்டம் ஏறி முதல் வாய் மூழ்கியதும் காற்று உறிஞ்சுகிற அந்தக் களக் களக் சத்தம் சட்டென்று நின்றுவிடும். இன்னும் ஒரு துளி இறுக்கினால் இரண்டாவது பைப்பில் நூல் போல வழியும், அதோடு விட்டுவிடுங்கள். கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினாலே மூடிவிடுகிற போல் வால்வில் இந்த அளவு நுணுக்கம் வராது. பிளாஸ்டிக் கேட் வால்வ் கிடைத்தால் அதுவே நல்லது. பித்தளையில் செம்பு இருக்கிறது, பிறகு கடல் மீனுக்கு மாறுகிற யோசனை இருந்தால் அது வேண்டவே வேண்டாம்.

முதல் பைப்பின் கீழ் நுனி சம்ப் தண்ணீருக்குள் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் மூழ்கக்கூடாது. ஆழமாக விட்டால் கரண்ட் திரும்பி வரும்போது பைப்பில் அடைபட்ட காற்று வெளியேறாமல் சைஃபன் (காற்றில்லாமல் பைப் நிரம்பித் தண்ணீர் தானாக இழுபடுவது) பிடிக்காது, தண்ணீர் முழுக்க இரண்டாவது பைப்பால்தான் வரும். அந்த இரண்டாவது பைப்பின் கீழ் நுனியை சம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே விடுங்கள். ஊற்றுகிற சத்தம் கேட்டால் முதலாவது அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அளவுக்கு 32 மில்லிமீற்றர், கடையில் ஒரு இஞ்ச் என்று கேட்கிற பைப் போதும், ஆனால் ஓட்டையின் விட்டத்தை அளந்துகொண்டு போய் அதற்குப் பொருந்துகிற டாங்க் கனெக்டரை (கண்ணாடி ஓட்டையில் பைப்பைப் பிடிக்கிற, நட்டுப் போட்ட துண்டு) முதலில் வாங்குங்கள். ரப்பர் வாசர் தொட்டிக்கு உள்ளே, தலைப் பக்கம். நட்டைக் கையால் இறுக்கி மேலே கால் சுற்று, அவ்வளவுதான், சிலிக்கன் தேவையில்லை. பெட்டிக்குள் நிற்கிற பைப்புகளுக்குக் கம் பூசாமல் செருகி மட்டும் விடுங்கள், கழற்றிக் கழுவலாம். வால்வுக்கு இரு பக்கமும் யூனியன், அதாவது திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு, வையுங்கள். மோட்டர் மணிக்கு 4000 லீற்றர் அளவில் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கிற கணக்கு உயரமே இல்லாமல் எடுத்தது, ஐந்தடி ஏறும்போது நன்றாகக் குறைந்துவிடும். உங்களுக்கு 2000 முதல் 2700 வரை வந்தால் போதும்.

இப்போது வெள்ளக் கணக்கு. உங்கள் தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் என்பது ஏறத்தாழ 11 லீற்றர். மோட்டர் நின்றதும் பல்வரிசைக்கு மேலே நிற்கிற தண்ணீரும், ஏறுகிற பைப்பின் நுனி எவ்வளவு மூழ்கியிருக்கிறதோ அவ்வளவும் கீழே வரும். இரண்டரை சென்ரிமீற்றர் என்றால் ஏறத்தாழ 28 லீற்றர், பெட்டியிலும் பைப்பிலும் உள்ளதைச் சேர்த்து 40 என்று வையுங்கள். சம்ப்பில் ஒரு சென்ரிமீற்றருக்கு நாலு லீற்றர் சொச்சம்தான் பிடிக்கும், ஆகவே பத்து சென்ரிமீற்றராவது காலியாக இருக்க வேண்டும். பன்னிரண்டு விட்டுக் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போடுங்கள், அதற்கு மேல் நிரப்பாதீர்கள். ஏறுகிற பைப்பின் நுனியை மேல் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். மோட்டர் நின்றதும் காற்றை இழுத்துத் தண்ணீர் திரும்புவதை நிறுத்தும் என்று பலர் அதில் சிறு துளை போட்டு நம்பிவிடுகிறார்கள். கேத்தலில் வெள்ளை படிகிற கிணற்றுத் தண்ணீர் என்றால் அந்தத் துளை அடைபட்டுவிடும். ஒருவழி வால்வும் அப்படித்தான், ஒரு ஓஸ்கார் உணவுத் துண்டு சிக்கினால் மூடாது.

மீன் விட முதல் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், சம்ப் எங்கே நிற்கிறது என்று. திரும்பப் போட்டு சைஃபன் தானாகப் பிடிக்கிறதா பாருங்கள். அப்புறம் கேட் வால்வை முழுக்க மூடி, இரண்டாவது பைப் தனியாகத் தாங்குகிறதா பாருங்கள். கடைசியாக இரண்டையும் அடையுங்கள்: சம்ப்பில் மோட்டர் நிற்கிற தடுப்பறையில் உள்ள தண்ணீர் தீர்ந்து மோட்டர் காற்றை இழுக்கத் தொடங்கும்போதும் மேல் தொட்டி விளிம்பைத் தாண்டியிருக்கக்கூடாது. தாண்டினால் அந்த அறையைச் சிறிதாக்குங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், மோட்டர் வறண்டு ஓடினால் கருகிவிடும். பிளக் பொயின்ட் சம்ப்புக்கு நேர் மேலே வேண்டாம், வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே எடுங்கள், வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனையும் ஒரு தடவை அமத்திப் பாருங்கள்.