பாசல் பாஸ்நாக்ட்: கேட்டவர்களுக்குப் பதில்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடக்கும் பாஸ்நாக்ட் என்னும் கார்னிவல், அதாவது மாறுவேடத் திருவிழா பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இந்த ஊரில் இருப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

*அக்கா, இன்னொரு சுவிஸ் நகரமான லுசேர்னில் கார்னிவல், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனோடு முடிந்துவிடும். பாசலில் எப்போது?*

இங்கே சாம்பல் புதன் கழிந்து வரும் திங்கட்கிழமைதான் தொடக்கம். 2027இல் அது பெப்ரவரி 15. திங்கள் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி வியாழன் அதிகாலை 4 மணிக்கு முடியும். சரியாக 72 மணி நேரம்.

*அந்த 4 மணிக்கே போய் நிற்க வேண்டுமா? பிள்ளைகளுக்குக் குளிருமே.*

போங்கள் தம்பி, கட்டாயம் போங்கள். இந்த விழாவின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதற்கு மோர்கெஷ்ட்ரைஹ் என்று பெயர். மணி நான்கு அடித்ததும் பழைய நகரத்தின் தெருவிளக்குகள் எல்லாம் அணையும். அந்த இருட்டில் "முன்னே நட" என்று கட்டளை கேட்கும். உடனே முகமூடி அணிந்த எல்லாக் குழுக்களும் ஒரே மெட்டைப் பறையிலும் பிக்கலோ என்னும் சிறு குழலிலும் வாசித்தபடி நகரத் தொடங்கும். வெளிச்சம் என்று பார்த்தால், அவர்கள் தலையில் சூடிய சின்ன விளக்குகளும், கூடவே வரும் ஆள் உயரத்தை மிஞ்சிய துணி விளக்குகளும்தான். முந்தைய ஆண்டின் அரசியலையும் ஊர்வம்பையும் கிண்டலடித்து அவற்றில் ஓவியம் தீட்டியிருப்பார்கள். வெளியூர்களிலிருந்து அதற்கென்றே அதிகாலைச் சிறப்பு ரயில்கள் ஓடும். பிள்ளைகளுக்குக் கம்பளிக் காலுறையும் தொப்பியும் போடுங்கள். தள்ளுவண்டி மட்டும் வேண்டாம், கூட்டத்தில் நகரவே முடியாது. படம் எடுக்கலாம், ஆனால் ஃபிளாஷ் போடாதீர்கள். ஒரு மின்னல் போதும், அத்தனை பேருடைய இருட்டும் கெட்டுவிடும்.

*நாங்கள் சைவம். அங்கே என்ன சாப்பிடுவது?*

அந்த விடியலில் எல்லோரும் தேடிப்போவது மாவு சூப்பை. மாவைப் பழுப்பாகும் வரை வறுத்துக் காய்ச்சி, மேலே சீஸ் துருவிப் போடுவார்கள். பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில்தான் செய்வார்கள், அதனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். வேயெ என்பது தட்டையான பை. வெங்காய வேயெயில் சில கடைகளில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். சீஸ் வேயெ முட்டை சாப்பிடுகிறவர்களுக்குச் சரி. பேக்கரிகளில் சீரகம் மாதிரி விதை தூவிய ஃபாஸ்டன்வேயெ என்னும் ரொட்டி கிடைக்கும். வெண்ணெய் மணக்கும், சூடாகத் தின்ன வேண்டும். எனக்குப் பிடித்தது அதுதான்.

*நானும் மாறுவேடம் போட்டு வரலாமா?*

வேண்டாம். ரியோ, கொலோன் போல இங்கே பார்வையாளர் வேடம் போடுவதில்லை, முகத்தில் சாயமும் பூசுவதில்லை. முகமூடிக்காரர்கள் மாதக்கணக்கில் தயாராகி வருகிறவர்கள், தெரு அவர்களுடையது. நாம் செய்ய வேண்டியது, பிளகெட்டே என்னும் உலோகச் சின்னத்தை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்வது. செம்பு, வெள்ளி, தங்க நிறங்களில் விற்பார்கள். அந்தப் பணம் குழுக்களுக்குப் போகிறது. செம்பே போதும், ஆனால் வாங்காமல் வராதீர்கள்.

*ஊர்வலத்தில் கலர் தாள் அள்ளிக் கொட்டுகிறார்களே, கோபிக்கலாமா?*

கோபப்படாதீர்கள்! பெரிய மூக்கு வைத்த வாக்கிஸ் வேடக்காரர்கள் வண்டியிலிருந்து ஆரஞ்சுப்பழம், மிட்டாய், மிமோசாப் பூ எல்லாம் தருவார்கள். கையை நீட்டும்போது கழுத்துக்குள் ராப்லி தாள் விழும். நீங்களும் வீசலாம். ஒரே நிறமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பல நிறம் கலந்திருந்தால் தரையிலிருந்து அள்ளியது என்று அர்த்தம். கீழே கிடப்பதைத் தொடவே கூடாது.

*ஒரு நாள்தான் லீவு. எந்த நாள் வரலாம்?*

திங்கள். விடியலில் மோர்கெஷ்ட்ரைஹ், மதியம் பெரிய ஊர்வலம். ஊர்வலம் புதனும் உண்டு. செவ்வாய் பிள்ளைகளுக்கான நாள், இரவில் பித்தளைக் குழல்களோடு குக்கன் இசைக்குழுக்கள் சதுக்கங்களை அதிரவைக்கும். ஆனால் ஊர்வலத்தோடு திரும்பிவிடாதீர்கள் என்பேன். இரவில் சந்துகளுக்குள் நாலைந்து பேர் வழி எதுவும் வகுக்காமல் வாசித்துக்கொண்டு போவார்கள். அவர்கள் பின்னாலேயே மெதுவாக நடந்து பாருங்கள். குறுக்கே மட்டும் போகாதீர்கள். அந்த ஓவிய விளக்குகளை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால், திங்கள் மாலையிலிருந்து மியூன்ஸ்டர் சதுக்கத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள். இருட்டிய பிறகு போங்கள்.