புதுச்சேரி தமிழர் பகுதியில் பழைய வீடுகள் ஹோட்டல்களாக மாறுவது நல்லதா?

வீட்டுக்கு நல்லது. தெருவுக்கு அவ்வளவு நல்லதல்ல. ஊரைப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்குப் பாண்டி என்றாலே வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் பகுதியில் உள்ள மஞ்சள் சுவர்கள்தான். எங்கள் பக்கம் வீடு வேறு மாதிரி. தெருவை ஒட்டி மரத்தூண் நிறுத்தி நாட்டு ஓடு போட்ட தாழ்வாரம், அடுத்து திண்ணை, உள்ளே முற்றம். வசதியானவர்கள் கீழே தமிழ் வீடாகவே வைத்துக்கொண்டு, மாடியை மட்டும் வளைவு ஜன்னல் வைத்து பிரெஞ்சு பாணியில் கட்டினார்கள். தாழ்வாரம் வீட்டுக்காரர் செலவில் கட்டியது. ஆனால் வெயிலுக்கும் மழைக்கும் யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். எங்கள் வீதியில் ஒரு திண்ணையில் காலையில் ஒரு பாட்டி இடியாப்பம் விற்பார். அவர் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பியதும் அதே இடத்தில் தையல்காரர் மிஷினைப் போடுவார். வீட்டுக்காரர் வாடகை கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஏன் விற்கிறார்கள்? பணத்தாசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது அநியாயம். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. அண்ணன் பாரிஸில், தங்கை சென்னையில், வயதான ஒருவர் மட்டும் வீட்டில். மழைக்காலத்துக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும், சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டும். இத்தனை செலவையும் அவர் தலையில் கட்டிவிட்டு, மற்ற பங்காளிகள் பாகம் கேட்கும்போது விற்பதைத் தவிர வழியில்லை.

வாங்க வருகிறவர்களில் ஒருவர் இடித்துவிட்டு காம்ப்ளக்ஸ் கட்டுவார், இன்னொருவர் ஹோட்டலாக்குவார். இரண்டாமவரே மேல். வைசியாள் வீதி என்று நாங்கள் சொல்லும் கலவை சுப்பராய செட்டி வீதியைப் போய்ப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு, பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு அங்கே வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது. 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அந்த வரிசை இன்றும் நிற்கிறது என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

ஆனால் ஹோட்டலான பல வீடுகளில் தாழ்வாரத்துக்குக் குறுக்கே பூந்தொட்டி வரிசை வந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்தால் வாட்ச்மேன் எழுப்பிவிடுகிறார். வார இறுதியில் சென்னை, பெங்களூரு கார்கள் வீதியை அடைத்துக்கொள்கின்றன. வாடகை ஏறியதில் எங்கள் மாவு மில் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது வாசனை மெழுகுவர்த்தி விற்கிறார்கள். மிளகாய் அரைக்க, சாரம் என்கிற பகுதி வரை போக வேண்டியிருக்கிறது. பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் திட்டம் வந்தபோது வியாபாரிகள் எதிர்த்ததும் இதே பயத்தால்தான்: கட்டிடம் புதிதாக வரும், பழையபடி நமக்கு இடம் கிடைக்குமா?

என்னைக் கேட்டால், ஹோட்டலுக்கு அனுமதி கொடுக்கும்போதே தாழ்வாரத்தை அடைக்கக் கூடாது என்று நிபந்தனை போட வேண்டும். குடியிருப்பவர்களுக்கு ஓடு மாற்றவும் காரை பூசவும் அரசு மானியம் தர வேண்டும், வீட்டு வரியையும் குறைக்க வேண்டும். இப்போதைக்கு, பழைய வீட்டைக் காப்பாற்றி லாபம் பார்ப்பது அதை வாங்குகிறவர் மட்டும்தான். அதிலேயே குடியிருப்பவருக்குச் செலவுதான் மிச்சம்.