முழங்கால் போட்டால் அழுகைதான் வருகிறது

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, பர்மாவில் மோல்மேனில் இருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு வயது 51. இரைப்பையில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்கிறார்கள். கீமோவுக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரங்கூன் போய் வருகிறோம். மகன் தாய்லாந்தில் வேலை செய்கிறான். அவனிடம் "அப்பாவுக்கு அல்சர்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். போன மாதம் வீட்டுக்கு வந்த ஜெபக்குழுவில் ஒருவர், "இந்த வீட்டில் அவிசுவாசம் இருக்கிறது, அதனால்தான் சுகம் தடைபடுகிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர் மருந்தை நிறுத்திவிட்டுக் கர்த்தரை மட்டும் நம்பச் சொல்கிறார். அன்றிலிருந்து எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்கால் போட்டால் அழுகைதான் வருகிறது. இவரோ, "நீ ஜெபம் பண்ணு, நான் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்" என்கிறார். என்னால்தான் இவருக்குச் சுகம் கிடைக்கவில்லையா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இல்லை. உங்களால் இல்லை. இந்த ஒரு வரியை முதலில் படித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் மற்றதைப் படியுங்கள்.

பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டு பேருமே இல்லை என்றார் இயேசு. யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆண்டவரே சுமத்தாத பழியை, வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகிறவர் உங்கள் தலையில் சுமத்த யார் அதிகாரம் கொடுத்தது? எனக்குக் கோபமாகவே வருகிறது. நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று இப்படிப் பேசுவது பாவம் என்றே சொல்வேன். அடுத்த முறை அவர் வந்தால் உங்கள் போதகரையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அல்லது, "இவர் தூங்குகிறார், இன்னொரு நாள் வாருங்கள்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுங்கள். அது அவமரியாதை ஆகாது.

மருந்து விஷயத்தில் இரண்டு பேச்சே வேண்டாம், நிறுத்தாதீர்கள். சுவிசேஷம் எழுதிய லூக்கா ஒரு வைத்தியர். பவுல் அவரைப் "பிரியமான வைத்தியன்" என்றுதான் சொல்கிறார். எண்ணெய் பூசி ஜெபிப்பதும் மாத்திரை கொடுப்பதும் ஒரே கையால் செய்யக்கூடிய காரியங்கள். கீமோ நடக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரிக்கு (38 செல்சியஸ்) வந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் ரத்தத்தில் வெள்ளணு குறைந்திருக்கும், சாதாரணத் தொற்றுகூட உயிருக்கு உலை வைத்துவிடும். வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் பயப்படாதீர்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அது பொதுவாகப் போதைப் பழக்கமாகிவிடுவதில்லை. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதுதான் விசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

சரி, ஜெபத்துக்கு வருகிறேன். நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது அதைத்தான்.

நம் சபைகளில் ஸ்தோத்திரத்தோடு தொடங்கினால்தான் ஜெபம் என்று பழகிவிட்டோம். வேதாகமம் அப்படிப் பழக்கவில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட முறையீடுகள். அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88-ஆம் சங்கீதம் மட்டும் திரும்பாது. இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. ஆனாலும் அதையும் எடுத்துவிடாமல் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் அழுகையை ஜெபத்துக்கு வந்த தடை என்று நினைக்காதீர்கள். உங்களிடம் இப்போது இருக்கிற ஜெபம் அதுதான். லாசருவின் கல்லறைக்குப் போன இயேசுவும், இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே அழுதார்.

நீங்கள் மோல்மேனில் இருப்பதால் இதையும் எழுதத் தோன்றுகிறது. பர்மிய மொழியில் வேதாகமத்தைத் தந்த அதோனிராம் ஜட்சனை நம் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் வீரராகத்தான் படிக்கிறார்கள். 1813-இல் ரங்கூனில் வந்து இறங்கியது, 1824-இல் அப்போதைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறைப்பட்டது, மனைவி ஆன் மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தது எல்லாம் சொல்லிக் கொடுப்போம். அதற்குப் பின்னால் நடந்ததைச் சொல்வதில்லை. 1826 அக்டோபரில், உங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கும் ஆம்ஹர்ஸ்ட்டில் ஆன் காய்ச்சலில் இறந்தபோது ஜட்சன் பக்கத்தில் இல்லை. ஆறே மாதத்தில் கைக்குழந்தையும் போய்விட்டது. அந்த மனிதர் மோல்மேன் பக்கம் காட்டோரம் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, தனக்கென்று ஒரு குழியையும் வெட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேவன் இருக்கிறார் என்று நம்புகிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்ற பொருளில் 1829-இல் எழுதினார். அப்படி எழுதியவர்தான் 1834-இல் முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் முடித்தார். நடுவில் இருந்த அந்த வருடங்களில் அவருக்கு விசுவாசம் இல்லை என்று நம்மில் யார் சொல்லத் துணிவோம்?

மாற்கு 2-ஆம் அதிகாரத்தை இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் உள்ளே நுழைய வழியில்லை, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் அதுவரை வாயே திறக்கவில்லை. இன்றைக்கு உங்கள் வீட்டில் இரண்டு பேர் படுக்கையில் இருக்கிறீர்கள், உங்கள் கணவர் உடம்பால், நீங்கள் மனதால். உங்களைச் சுமக்க நாலு பேர் வேண்டும். சபையில் அதிகம் பேசாத, கேட்டதை வெளியே சொல்லாத இரண்டு மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு, "எனக்கு ஜெபம் வரவில்லை, என் பங்கையும் நீங்கள் செய்யுங்கள்" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். கணவர் கேட்கும்போது சொந்தமாக வார்த்தை தேட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள், அல்லது பரமண்டல ஜெபத்தை இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். பாதியில் அழுகை வந்தால் நிறுத்துங்கள், மீதியை அவர் சொல்வார். படுத்தே கிடக்கும் மனிதருக்கு உங்களுக்காகச் செய்ய அப்போது ஒரு வேலை கிடைக்கிறது. அது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

தூங்குகிறீர்களா? சாப்பிடுகிறீர்களா? கடிதத்தில் ஒரு வரிகூட அதைப்பற்றி இல்லை, அதனால் கேட்கிறேன். எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துவிட்டு எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டு மறுபடி படுத்தவனை இன்னொரு முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அக்கம்பக்கத்துப் பர்மியக் குடும்பம் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) கொண்டுவந்து கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். "ஏதாவது உதவி வேண்டுமா" என்று கேட்கிறவர்களிடம் பொதுவாகத் தலையாட்டாமல், "செவ்வாய் இரவு ஒரு நாள் இவரோடு இருங்கள், நான் தூங்க வேண்டும்" என்று நாளைச் சொல்லிக் கேளுங்கள்.

மகனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், இந்த வாரமே. அவன் எல்லை தாண்டி வர வேண்டியவன். வேலை, காகிதம், பஸ் என்று எவ்வளவோ இருக்கிறது. அல்சர் என்று நம்பிக்கொண்டிருந்து கடைசியில் ஓடிவந்தால் உங்களை மன்னிக்க அவனுக்கு வெகுநாள் பிடிக்கும். கணவரிடமும் டாக்டர் சொன்னதை எல்லாம் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. "உங்களுக்கு என்ன தெரிய வேண்டும், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்கும். நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்று அவரும் மறைத்துக்கொண்டிருப்பார். சுகத்துக்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். அதோடு அவர் யாரைப் பார்க்க ஆசைப்படுகிறார், யாரோடு ஒப்புரவாக வேண்டும், வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அவர் தெளிவாகப் பேசுகிற நாட்களிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதால் ஜெபம் பலிக்காமல் போகாது.

அடுத்த முறை ரங்கூன் வரும்போது இரவு தங்க இடம் வேண்டுமானால் முன்கூட்டியே எழுதுங்கள், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் நம் சபைக் குடும்பங்களில் விசாரித்து வைக்கிறேன்.