வாக்கர் வாங்காதீர்கள், பாயை விரியுங்கள்

கேள்வி: எங்கள் ஐந்து மாதக் குழந்தைக்கு மூளை வளர்ச்சி தரும் பொம்மைகள் எவை? சீக்கிரம் நடக்க இப்போதே வாக்கர் வாங்கி வைக்கலாமா?

பதில்: பொம்மை இருக்கட்டும். வாக்கர் என்று எழுதிவிட்டீர்கள், அதை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனசு வராது. கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை. பழையதைக் கைமாற்றி விற்பதற்கும் சேர்த்து. ஒரு நொடியில் மூன்றடிக்கு மேல் ஓடிவிடும் வண்டி அது. பக்கத்திலேயே நின்றாலும் நீங்கள் எட்டிப் பிடிப்பதற்குள் குழந்தை படிக்கட்டில் உருண்டிருக்கும். சரி, நடக்கவாவது உதவுமா? அதுவும் இல்லை. உட்கார்ந்தபடியே கால்விரல் நுனியால் உந்தப் பழகும் குழந்தைக்குத் தன் எடையைத் தானே தாங்கவும், சாய்ந்தால் சமாளிக்கவும் வாய்ப்பே கிடைப்பதில்லை. நடை தள்ளித்தான் போகும்.

அந்தக் காசுக்கு ஒரு பாய் வாங்குங்கள். குழந்தை விழித்திருக்கும்போது, பால் குடித்த உடனே இல்லாமல், குப்புறப் போடுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் தொடங்கி, பல தடவையாகச் சேர்த்து நாளுக்கு அரை மணி நேரமாவது வரவேண்டும். போட்டதும் வீறிட்டால் கைகளைப் பாருங்கள். முழங்கை தோளுக்குப் பின்னால் போயிருந்தால் முகம் தரையில் இடிக்கும். துண்டைச் சுருட்டி மார்புக்கடியில் வைத்து, இரண்டு கையையும் முன்னால் இழுத்து விடுங்கள். நீங்களும் எதிரே படுங்கள். குழந்தைக்கு உங்கள் முகத்தைவிடப் பெரிய பொம்மை எதுவும் இல்லை. பிறகு கிலுகிலுப்பையை ஒரு பக்கமாக, கைக்குச் சற்று எட்டாத தூரத்தில் வையுங்கள். ஒரு கையில் எடையைத் தாங்கி மறு கையை நீட்டும். ரொம்பத் தள்ளி வைத்தால் முயற்சியையே விட்டுவிடும். அப்படியே தூங்கிப்போனால் மல்லாக்கத் திருப்பிவிடுங்கள். ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பட்டனை அமுக்கினால் பாடும் பொம்மைகள் மேல் எனக்குப் பழைய கோபம். அவை குழந்தைக்குப் பதில் சொல்வதில்லை, பேசிக்கொண்டே இருக்கின்றன. குழந்தை "ங்ங்" என்றால் நீங்களும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு, பத்து வரை மனசுக்குள் எண்ணிக் காத்திருங்கள். அது வாயைத் திறக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். பெரும்பாலோர் மூன்றாவது எண்ணிலேயே அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ முதுகை வளைத்து முரண்டினாலோ போதும் என்று அர்த்தம். தூக்கிக்கொள்ளுங்கள்.