குழந்தைக் கில்டுக்கு எந்தக் கரை?

கேள்வி: அக்கா, என் தங்கச்சிக்கு மார்கழியில் பிள்ளை பிறக்க இருக்கிறது. வெளிர் மஞ்சள், இளம்பச்சைச் சீத்தை, வெள்ளை மூன்றிலும் சதுரம் வெட்டி, கில்டின் (ஒட்டுத்துணி விரிப்பின்) நடுப்பகுதியை 30 அங்குலச் சதுரமாகப் பொருத்தித் தைத்துவிட்டேன். கரைதான் பிடிபடவில்லை. ரோசாவா நீலமா என்று பிள்ளை பிறந்த பிறகு பார்ப்போம் என்கிறாள் தங்கச்சி. அம்மம்மாவின் மருதமுனைச் சேலைக் கரையை வைக்கச் சொல்கிறார் அம்மா. எனக்குக் கறுப்பில் ஆசை, வீட்டில் விடமாட்டார்கள். என்ன செய்ய?
- வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: ரோசா, நீலம் கதையை விடுங்கள் தங்கச்சி, உங்கள் சிக்கல் அது இல்லை. எடுத்திருக்கும் மூன்று நிறமும் வெளிறியவை. ஃபோனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். அதனால் கரை கட்டாயம் அடர் நிறமாக இருக்க வேண்டும். பிறந்த பிள்ளைக்கு முதல் சில வாரங்களில் 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதிலும் வெளிச்சமும் இருட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடத்தைத்தான் கண் தேடும். அந்த வகையில் உங்கள் கறுப்பு ஆசை சரியானதே. ஆனால் கருநீலமும் அதே வேலையைச் செய்யும், வீட்டிலும் சண்டை வராது.

அம்மம்மாவின் சேலைக் கரையை நான் விடவே மாட்டேன்! ஆனால் வெளி ஓரத்தில் வேண்டாம், உடுத்து நைந்த துணி அங்கே சீக்கிரம் கிழிந்துவிடும். நடுப்பகுதிக்கும் கருநீலத்துக்கும் இடையில் ஒரு அங்குலப் பட்டியாக வையுங்கள், பின்னால் மெல்லிய பருத்தித் துணி ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் தாங்கும். சரிகை இருந்தால் மட்டும் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள், பிள்ளையின் தோலில் உரசும்.

கருநீலம் மூன்று அங்குல அகலம் போதும். தையலுக்குச் சேர்த்து மூன்றரை அங்குலமாக வெட்டுங்கள், 44 அங்குல அகலத் துணியில் அரை மீற்றர் வாங்கினால் நான்கு பக்கத்துக்கும் வரும், கில்ட் மொத்தம் 38 அங்குலம் ஆகும். வெட்டும் முன் துணியைத் துவைத்துக் காயவிடுங்கள், பருத்தி சுருங்கும். பிறகு ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துண்டால் அழுத்தித் தேயுங்கள், சாயம் ஒட்டினால் திரும்பத் துவைக்க வேண்டும், அப்போதும் விட்டால் அந்தத் துணி இந்த வேலைக்கு ஆகாது.

கரை அலை அலையாக வருகிறது என்று எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். ஓரத்தை அளந்து வெட்டுவதால்தான் அப்படி வருகிறது, ஓரம் தையலில் இழுபட்டிருக்கும். நடுவில் குறுக்காக அளந்து, அந்த அளவுக்கே இரண்டு பட்டிகளையும் வெட்டி, இரண்டு முனையிலும் நடுவிலும் ஊசி குத்திய பிறகு தையுங்கள். முதலில் இடம் வலம், அப்புறம் மேல் கீழ்.

உள்ளே தடித்த பஞ்சு வேண்டாம். மாரியில் காயவே காயாது. பழைய பருத்தி வேட்டி இரண்டு மடிப்பு போதும். இதைப் பிள்ளை தூங்கும்போது போர்த்தவோ தொட்டிலுக்குள் போடவோ கூடாது, ஒரு வயது வரைக்கும் தளர்வான போர்வை மூச்சுக்கு ஆபத்து. பாய்க்கு மேல் விரித்து, விழித்திருக்கும் நேரத்தில் பக்கத்திலேயே இருந்து கவிழ்த்துப் படுக்க வைக்கத்தான் இது.

பிறக்கும் முன் முடித்து வைக்கக் கூடாது என்று அம்மா நினைத்தால், ஓரம் மடித்துத் தைப்பதை மட்டும் விட்டு வையுங்கள். பிள்ளை பிறந்த பிறகு தைத்து, ஒருமுறை துவைத்து, 31ஆம் நாள் சடங்குக்குக் கொடுத்துவிடலாம்.