அலாய் வீல்ல பஞ்சரே இல்ல, ஆனா வாரத்துக்கு வாரம் காத்து இறங்குது, ஏன்?

ஆணி எதுவும் ஏறலைன்னா டயரை விட்டுட்டு ரிம் விளிம்பை பாருங்க. சோப்புத் தண்ணிய வால்வுலயும், டயரும் ரிம்மும் ஒட்டுற இடம் சுத்தியும் ஊத்திட்டு ரெண்டு நிமிஷம் பொறுமையா பாத்தீங்கன்னா பொடிப்பொடியா நுரை கிளம்பும் (உள்பக்கத்தையும் பாக்கணும், அதுக்கு வீலை கழட்டித்தான் ஆகணும்). வால்வு வாயில நுரை வந்தா வால்வு பின்னை மாத்தி பாருங்க, வேலை சுலபம். விளிம்புல வந்தா அங்க அலுமினியம் அரிச்சு, பெயின்ட்டுக்கு அடியில வெள்ளையா மாவு மாதிரி பூத்திருக்கும், ரப்பர் அதுமேல சரியா உக்காராது. டயரை கழட்டி, பூத்ததெல்லாம் வயர் பிரஷ்ல தேய்ச்சு வழுவழுப்பாக்கி, பீட் சீலர் (டயர் விளிம்பும் ரிம்மும் ஒட்டுற இடத்துல காத்து கசியாம அடைக்கிற பசை) தடவி திரும்ப மாட்டணும். கிரைண்டர் வைக்க மட்டும் விடாதீங்க, பள்ளம் விழுந்தா அதுவே புது லீக். நுரை ரிம்மோட நடுவுல வந்தா விரிசலா இருக்கலாம், அந்த ரிம்மை ஓட்டாதீங்க.